பேக்கப் இருக்கிறது, சரி. திரும்ப வருமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் குமுளி, வண்டன்மேடு, கம்பம்மெட்டு பக்கமெல்லாம் மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வரும். மலையாளிகள் துலாவர்ஷம் என்பார்கள். மழை கூடப் பரவாயில்லை, இடிதான் தொல்லை. ஏலக்காய் ஸ்டோர்களிலும் கமிஷன் கடைகளிலும் முதல் உறுமல் கேட்டதும் யாராவது எழுந்துபோய் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்க மறந்த நாளில் மதர்போர்டு போகும். சில நேரம் ஹார்ட் டிஸ்கும் கூடவே போகும்.

மெஷின் போனால் மலையிறங்கி போடியிலோ கம்பத்திலோ வேறு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருந்த கணக்கை எந்தக் கடையில் வாங்குவது? எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ வந்தது, எந்த லாட் புற்றடி ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, எது போடி ஏலத்துக்கு வந்தது, கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்குப் போகிற பெண்களில் யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, யாரிடம் எவ்வளவு அட்வான்ஸ் நிற்கிறது எல்லாம் அதற்குள்தான். இதைக் கேட்டால் கணக்குப் பார்க்கும் தம்பி சிரித்துக்கொண்டே, "பேக்கப் தினமும் ஓடுதுண்ணே, பயமே இல்ல" என்பார். ஓடுகிறதுதான், பொய்யில்லை. அந்த ஃபைலை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்த்தது உண்டா என்று கேளுங்கள். "அதுக்குத் தேவையே வரலையேண்ணே" என்று பதில் வரும்.

பேக்கப் எடுப்பதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. திரும்ப ஏற்றுவதைப் பற்றி, அதுவும் மவுஸால் கிளிக் செய்யாமல் கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில்) ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளின் ஃபைல், எழுதி ஏற்றுவதைப் பற்றி, தமிழில் அதிகம் பேச்சில்லை. அந்த ஸ்கிரிப்ட்டுக்கு டேட்டாவை ஏற்றுவது பாதி வேலைதான். ஏற்றியது தப்பாக இருந்தால் கத்திக் கூப்பாடு போட வேண்டியது மீதிப் பாதி. பலரும் முதல் பாதியை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் பேக்கப் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பது ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் அட்டவணைகள். தோட்டக்காரர் ஒரு அட்டவணை, சரக்கு வரவு ஒரு அட்டவணை, லாட் ஒன்று, பில் ஒன்று. வரவு அட்டவணையில் தோட்டக்காரரின் பெயர் இருக்காது, அவருடைய எண் மட்டும்தான் இருக்கும். ஆகவே நாலில் மூன்று அட்டவணை நல்லபடியாக வந்து ஒன்று வராமல் போனால் முக்கால்வாசிக் கணக்கு மிஞ்சியதாக ஆகாது. யாருடையது என்றே தெரியாத ஏலக்காய் மூட்டைகள்தான் மிஞ்சும். (டாலியில் மட்டும் கணக்கு வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அதன் சேமிப்பு முறையே வேறு, இந்தக் கட்டுரை அவர்களுக்கானதில்லை.)

நகலெடுக்க இரண்டு வழி உண்டு. அந்த டேட்டாபேஸை முதலிலிருந்து மறுபடி கட்டுவதற்கான கட்டளைகளை எழுதி வாங்கிக்கொள்வது ஒரு வழி. 'இந்த அட்டவணையை உருவாக்கு, இந்த வரியைச் சேர், அடுத்த வரியைச் சேர்' என்று நீளமாகப் போகும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் முறையே மைஎஸ்க்யூஎல்டம்ப், பிஜி டம்ப் என்ற கருவிகள் செய்வது இதுதான். அப்படி வரும் ஃபைலை டம்ப் என்பார்கள். மற்றது, டிஸ்கில் டேட்டாபேஸ் பக்கம் பக்கமாக எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து வைப்பது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் தரும் பிஏகே ஃபைல் இந்த ரகம். முதல் வகையைத் திறந்து கண்ணால் படிக்கலாம், வேறு பதிப்புக்கும் பெரும்பாலும் கொண்டுபோகலாம். ஏற்றும்போது இண்டெக்ஸ்களை (வேகமாகத் தேட வைத்திருக்கும் பட்டியல்களை) எல்லாம் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். இரண்டாவது வேகமானது. ஆனால் புதிய பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. ஒரே ஒரு படி பழையது என்றாலும் முடியாது.

கட்டளை வரி எதற்கு, அழகாக ஜன்னலும் பொத்தானும் வைத்த மென்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு தடவைக்குப் பொத்தான் போதும். ஆனால் மீட்பு என்பது கெட்ட நாளில், பதற்றத்தில், புது மெஷினில், பெரும்பாலும் அந்த வேலையை முன்பு செய்திராத ஒருவர் செய்வது. அன்றைக்கு எந்தப் பெட்டியில் டிக் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்கிரிப்டாக இருந்தால் சும்மா இருக்கிற நாட்களில் இருபது முறை ஓட்டிப் பழக்கியிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. சின்னக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவைக்கும் ஏஜென்ட் அதில் கிடையாது. 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளரவும் விடாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஸ்கிரிப்ட்டைக் கட்டிவிடுவதைத் தவிர அங்கே வேறு வழியில்லை.

கேள்விக்குறிகளை எண்ணுங்கள்

நம் பக்கத்துக் கணக்குகளுக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. எல்லையோரக் கடை டேட்டாபேஸில் எண்கள் ஆங்கில எழுத்துகளோடு இருக்கும், பெயர்கள் பாதி தமிழில், பாதி மலையாளத்தில். மீட்டபின் எண்கள் எல்லாம் சரியாக வந்து பெயர்கள் மட்டும் காணாமல் போவது இங்கே நடக்கும். வெறும் ஆங்கிலத்தில் கணக்கு வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை கண்ணிலேயே படாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருவது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பவர்ஷெல் 5.1. அதில் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை ஓட்டி, பெரிதெனும் குறி (>) போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் அந்த ஃபைல் யூடிஎஃப்-16 என்ற வடிவில் எழுதப்படுகிறது. மைஎஸ்க்யூஎல் அந்த வடிவில் வருவதை ஏற்காது. அதன் சொந்தக் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது: ஃபைல் பெயரை டம்ப் கருவியிடமே கொடு, அதுவே எழுதட்டும் என்று. ஆனால் கையேட்டை யார் படிக்கிறார்கள்? இணையத்தில் லினக்ஸ்காரர் எழுதிய ஒரு வரியைப் பார்த்து அப்படியே பவர்ஷெல்லில் ஒட்டுகிறோம். ஃபைல் உருவாகிறது, அளவும் கனமாகத்தான் இருக்கிறது. எழுத்துக்கு இரண்டு பைட் ஆவதால் நியாயமாக இருக்க வேண்டியதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

திரும்ப ஏற்றும்போது இன்னொரு குழி. ஃபைலை உள்ளே ஊட்ட லினக்ஸில் சிறிதெனும் குறி (<) போடுவார்கள். பவர்ஷெல்லில் அந்தக் குறி வேலை செய்யாது, பின்னாளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று பிழைச் செய்தி வரும். சரி என்று கெட்-கன்டென்ட் கட்டளையால் ஃபைலைப் படித்து, குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் | குறி) போட்டு மைஎஸ்க்யூஎல்லுக்கு அனுப்புவார்கள். 5.1-இல் அந்தக் குழாய் வெளி நிரல்களுக்கு அனுப்பும்போது ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகளை மட்டுமே கடத்தும். ஆஸ்கியில் இல்லாத ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிடும். பிழைச் செய்தி கிடையாது. எண்கள், தேதிகள், ஆங்கிலத்தில் இருக்கிற அட்டவணைப் பெயர்கள் எல்லாம் நலமாக வந்து சேரும். ஸ்கிரீனைப் பார்ப்பவருக்கு வேலை முடிந்த மாதிரிதான் தெரியும்.

முருகன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நாலு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று ஏழு குறிகள். யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். மீட்ட டேட்டாபேஸில் முருகன் இருந்த இடத்தில் 7 கேள்விக்குறிகள் இருந்தால், ஃபைலைச் சரியாகத்தான் படித்திருக்கிறது, குழாயில்தான் போயிருக்கிறது என்று பொருள். 21 இருந்தால் படிக்கும்போதே ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு, பிறகு குழாயிலும் கெடுத்திருக்கிறது. மலையாளத்திலும் இதே கணக்குதான். பிஜு என்பது அங்கே 4 குறி, 12 பைட். கேள்விக்குறிகளை எண்ணியே எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துவிடலாம்.

கேள்விக்குறி இல்லாமல் பெட்டி கோடுகளும் கிரேக்க எழுத்தும் கலந்த குப்பையாக வந்தால் சந்தோஷப்படுங்கள். குப்பைக்குள் மூல பைட்கள் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு, தப்பாகப் படித்ததைத் திருப்பிப் படிக்க வைத்தால் பெயர்கள் பல நேரம் மீளும். கேள்விக்குறி ஆனது ஆனதுதான். எல்லாப் பெயரும் ஒரே குறியாகச் சுருங்கிவிட்டபின் அதிலிருந்து முருகனையும் பிஜுவையும் பிரித்தெடுக்க எந்தக் கருவியாலும் முடியாது.

தப்பிப்பதற்கான வழி ரொம்ப எளிது. ஃபைலைத் திறப்பதும் எழுதுவதும் டேட்டாபேஸ் கருவியின் வேலையாக இருக்கட்டும், ஷெல் நடுவில் தூது போக வேண்டாம். மைஎஸ்க்யூஎல்டம்ப்புக்கு வெளியீட்டு ஃபைலின் பெயரைச் சொல்ல ஒரு விருப்பத்தேர்வு உண்டு. ஏற்றும்போது மைஎஸ்க்யூஎல்லுக்கு உள்ளேயே சோர்ஸ் என்ற கட்டளை உண்டு. எழுத்து வகையை யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் பிஜி டம்ப், டம்ப்பை ஏற்றும் பிஎஸ்க்யூஎல் இரண்டுக்கும் ஃபைல் பெயரைச் சொல்லும் வசதி இருக்கிறது. பிஜி டம்ப்பில் ஃபைல் பெயரையும் சொல்லி கஸ்டம் வடிவில் எடுத்து பிஜி ரெஸ்டோரால் ஏற்றினால் இந்தச் சிக்கலே வராது. 2023 நவம்பரில் வந்த பவர்ஷெல் 7.4 முதல் வெளி நிரல்களின் வெளியீட்டை பைட் மாறாமல் கடத்துகிறது. ஆனால் அதை நாமாக இறக்கி நிறுவ வேண்டும். கடையில் இருக்கிற மெஷினில் இருப்பது 5.1 என்றே வைத்துக்கொண்டு எழுதுவதுதான் புத்தி.

எஸ்க்யூஎல் சர்வரின் பிஏகே ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை, பைட்கள் அப்படியே வரும். அங்கே பெயர்கள் கேள்விக்குறியாக இருந்தால் பேக்கப்புக்கு முன்பே, மென்பொருள் எழுதியவர் பொதுவாக யூனிகோட் தாங்காத வார்ச்சார் வகைப் பத்தியில் (column) தமிழைப் போட்டபோதே போயிருக்கும். என்வார்ச்சார் போட்டிருக்க வேண்டும். மீட்பின் மேல் பழி போட வேண்டாம்.

மீட்டபின் "ஸ்ரீ என்று தேடினால் பாதிப் பேர் வரவில்லை" என்றும் ஒரு புகார் வரும். ஸ்ரீயை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மெஷினுக்கு வேறு வேறு. மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராமல் நிற்கும் மெய்களுக்கு) 2008-இல் யூனிகோட் 5.1 தனிக் குறிகள் தந்தபின் அங்கேயும் பழைய பதிவும் புதிய பதிவும் ஒட்டாமல் நிற்கின்றன. இதுவும் பழைய மெஷினிலேயே இருந்த கோளாறுதான். மீட்பு நாளில்தான் எல்லாரும் உற்றுப் பார்க்கிறோம்.

பிழை வந்தால் நிற்கிறதா?

போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்க்யூஎல்லிடம் ஒரு டம்ப் ஃபைலைக் கொடுத்தால், நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் அது நிற்காது. பிழையை ஸ்கிரீனில் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும்போது அந்தப் பிழை மேலே ஏறி மறைந்துவிடும். பிஜி ரெஸ்டோரும் அப்படித்தான், கடைசியில் இத்தனை பிழைகளைப் பொருட்படுத்தவில்லை என்று ஒரு வரி சொல்லும். பிழை வந்தால் நில் என்று ஒரு மாறியை வைத்து ஓட்டினால்தான் பிஎஸ்க்யூஎல் நிற்கும், வெளியேறும்போது 3 என்ற எண்ணையும் விட்டுச்செல்லும். ஒரே பரிவர்த்தனையாக ஏற்று என்ற விருப்பத்தையும் சேர்த்துவிட்டால் முழுசாக வரும், இல்லையேல் ஒன்றுமே வராது. பாதி வந்த டேட்டாபேஸைவிட ஒன்றுமே வராதது எவ்வளவோ மேல்.

எஸ்க்யூஎல் சர்வரின் கட்டளை வரிக் கருவியான எஸ்க்யூஎல்சிஎம்டிக்கும் இதே குணம்தான். பி என்ற சின்ன விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் கட்டளை தோற்றாலும் 0 என்ற எண்ணோடுதான் வெளியேறும். ஸ்கிரிப்ட் உலகில் 0 என்றால் எல்லாம் சுகம். டாஸ்க் ஷெட்யூலரும் அதை நம்பிப் பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் டம்ப்பைக் குழாய் வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பிச் சுருக்குவது வழக்கம். குழாயின் வெற்றி தோல்வியைப் பாஷ் ஷெல் கடைசிக் கட்டளையை வைத்துத்தான் சொல்லும். பாஸ்வேர்டு மாறியதால் டம்ப் முதல் அடியிலேயே தோற்றிருக்கும். ஜிஜிப் மட்டும் தனக்கு வந்த வெறுமையைச் சமர்த்தாகச் சுருக்கி 20 பைட்டில் ஒரு ஃபைல் எழுதி, வெற்றி என்று சொல்லிவிடும். ஒவ்வொரு ராத்திரியும் தேதி போட்ட ஒரு 20 பைட் ஃபைல் வரிசையாகச் சேரும். குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்ல வைக்கும் பைப்ஃபெயில் என்ற அமைப்பை ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே போட்டுவிட்டால் இது மாட்டிக்கொள்ளும். ஃபைலின் வாலையும் பார்க்கலாம். மைஎஸ்க்யூஎல்டம்ப் முழுசாக முடித்திருந்தால் கடைசி வரியில் டம்ப் முடிந்தது என்று தேதியோடு ஒரு குறிப்பு இருக்கும். பிஜி டம்ப்பின் எழுத்து வடிவிலும் அதுபோல் ஒன்று உண்டு. அந்த வரி இல்லாத ஃபைலைத் தொடவே வேண்டாம்.

இந்த மாதிரி மௌனத் தோல்வி சின்னக் கடைகளுக்கு மட்டும் வருவதில்லை. 2017 ஜனவரி 31-இல் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா அடைவை (ஃபோல்டரை) அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நிறுத்தும்போது மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடிப்போனால் சேமிப்பிடம் காலி. அவர்களுடைய டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் வேலையில் ஓடிக்கொண்டிருந்த பிஜி டம்ப் 9.2. பதிப்பு ஒத்துவராததால் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களை, அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பு வழியிலேயே நிராகரித்துவிட்டது. ஆறு மணி நேரம் முன்பு வேறு ஏதோ வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்கின் நகல்) அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பதிவானது போனது போனதுதான். நடந்ததை எல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே படிக்க வேண்டிய அறிக்கை.

வரிசை தப்பினால்

எஸ்க்யூஎல் சர்வரில் மூன்று வகை பேக்கப் சேர்ந்து வேலை செய்யும். முழு பேக்கப், அதற்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஷியல், நடந்த ஒவ்வொன்றையும் வரிசையாக வைக்கும் லாக் பேக்கப். உதாரணத்துக்கு ஞாயிறு முழுசு, தினமும் இரவு டிஃபரன்ஷியல், ஏலம் நடக்கும் நாட்களில் அரை மணிக்கு ஒரு லாக். செவ்வாய் மதியம் இடி விழுந்தால் ஞாயிறு முழுசு, திங்கள் இரவு டிஃபரன்ஷியல், அதன்பின் எடுத்த லாக்குகள் எல்லாம் வரிசை மாறாமல் ஏற வேண்டும். போகிறது அதிகபட்சம் அரை மணி நேர வேலை. டேட்டாபேஸ் ஃபுல் அல்லது பல்க்-லாக்டு ரெகவரி முறையில் இருந்தால்தான் லாக் பேக்கப்பே எடுக்க முடியும் என்பதைச் சேர்த்து நினைவில் வையுங்கள். சிம்பிள் முறையில் இருந்தால் முழுசும் டிஃபரன்ஷியலும் மட்டும்தான்.

ஏற்றும்போது கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நோரெகவரி என்று சொல்ல வேண்டும். இன்னும் வருகிறது, கதவைச் சாத்தாதே என்று பொருள். அவசரத்தில் முதல் ஃபைலிலேயே அதை விட்டுவிட்டால் டேட்டாபேஸ் திறந்துகொள்ளும், அதற்குமேல் லாக் ஏறாது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாம் ஏற்றியபின் ரெகவரி என்று சொல்லி முடிக்காவிட்டால் டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் ரெஸ்டோரிங் என்று காட்டிக்கொண்டே நிற்கும். மணிக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அது எதையும் ஏற்றிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

வரிசையில் ஒரு நுணுக்கம் எங்கள் பக்கம் அடிக்கடி இடறும். மென்பொருள் கொடுத்தவர் சர்வீசுக்கு வருவார், ஏதோ சோதிக்க ஒரு முழு பேக்கப் எடுத்துத் தன் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதன்பின் எடுக்கும் டிஃபரன்ஷியல் எல்லாம் அவருடைய அந்த முழு பேக்கப்பை அடிப்படையாகக் கொள்ளும். நம்மிடம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை ஃபைலோடு ஒட்டாது. காப்பி ஒன்லி என்று சொல்லி எடுத்திருந்தால் இந்த வம்பு இல்லை. அண்ணன் தம்பி என்று பழகினாலும் சரி, சேட்டன் என்று பழகினாலும் சரி, சர்வீஸ்காரரிடம் இதை மட்டும் கறாராகச் சொல்லிவிட வேண்டும்.

புது மெஷினில் டிரைவ் எழுத்துகளும் அடைவுகளும் பழையபடி இருக்காது. ஃபைலிஸ்ட் ஒன்லி என்ற கட்டளையால் பேக்கப்புக்குள் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று கேட்டு, ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்று மூவ் மூலம் சொல்ல வேண்டும். பவர்ஷெல்லில் டிபிஏடூல்ஸ் என்ற திறந்தமூலத் தொகுப்பு இதை எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. ஒரு அடைவைக் காட்டினால் உள்ளே இருக்கும் முழுசு, டிஃபரன்ஷியல், லாக் எல்லாவற்றையும் படித்து வரிசைப்படுத்தி ஏற்றிவிடும். கடைசி பேக்கப்பை வேறு பெயரில் ஏற்றிச் சோதித்துவிட்டு அழித்துவிடவும் அதில் ஒரு கட்டளை இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்பவர் புதிதாக எழுதத் தொடங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

டேட்டாபேஸ் ஏறிவிட்டது, ஆனால் மென்பொருள் உள்ளே நுழையவில்லை என்றால் பெரும்பாலும் லாகின் பிரச்சினை. யூசர் டேட்டாபேஸுக்கு உள்ளே இருப்பவர், லாகின் சர்வருக்குச் சொந்தம். பேக்கப்போடு யூசர் வருவார், லாகின் வராது. புது சர்வரில் அதே பெயரில் லாகின் உருவாக்கினாலும் உள்ளடையாளம் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸிலும் பிஜி டம்ப் ரோல்களை (சர்வரின் பயனர் கணக்குகளை) எடுக்காது, அதற்குப் பிஜி டம்ப்ஆல் கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும். மைஎஸ்க்யூஎல்டம்ப் சொல்லாவிட்டால் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்களான ஸ்டோர்ட் புரொசீஜர்களையும், நேரத்துக்கு ஓடும் ஈவென்ட்களையும் விட்டுவிடும். ஒரு மாதம் எல்லாம் சரியாக ஓடியபின் மாதக் கடைசி ரிப்போர்ட் பொத்தானை அழுத்தும்போதுதான் அது தெரியவரும்.

நேரத்தைக் குறித்து மீட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தவறுதலாக ஒரு அட்டவணையை அழித்துவிட்டால் அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை மட்டும் ஏற்றலாம். அதற்கு எஸ்க்யூஎல் சர்வரில் ஸ்டாப்அட் என்ற விருப்பம், மைஎஸ்க்யூஎல்லில் பின்லாக், போஸ்ட்கிரெஸ்ஸில் வால் (WAL) லாக். பின் இரண்டும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைப்பவை. நவம்பர் 3 என்று நினைத்து 03/11 என்று எழுதினால், அமெரிக்க மொழி அமைப்பில் இருக்கும் சர்வர் அதை மார்ச் 11 என்று படிக்கும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கமாக எழுதினால் குழப்பமில்லை. வாடகை சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் மதியம் 3.10 அங்கே காலை 9.40. ஐந்தரை மணி நேரம் தள்ளி நிறுத்தினால் அழிந்த அட்டவணை அழிந்தபடியே திரும்ப வரும்.

மீட்டதைச் சோதிப்பது

எஸ்க்யூஎல் சர்வரில் வெரிஃபை ஒன்லி என்று ஒரு கட்டளை உண்டு. பலர் அதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். பேக்கப் முழுசாக இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். உள்ளே இருக்கும் டேட்டாவின் கட்டமைப்பு சரியா என்று பார்க்காது. உண்மையில் ஏற்றி, டிபிசிசி செக்டிபி என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினால்தான் அது தெரியும்.

மைஎஸ்க்யூஎல் டம்ப்பில் இன்னொரு விஷயம். ஏற்றும்போது அட்டவணைகளின் வரிசை இடைஞ்சல் செய்யாமல் இருக்க, ஒரு அட்டவணை குறிப்பிடும் எண் இன்னொன்றில் இருக்கிறதா என்று பார்க்கும் அயல்சாவிச் சோதனையை அந்த ஃபைலே அணைத்துவிடும். முடிவில் மறுபடி போட்டாலும், அதுவரை ஏறியதைத் திரும்பிப் பார்த்துச் சோதிக்காது. தோட்டக்காரர் இல்லாத வரவுகள் இருக்கின்றனவா என்று நாமே ஒரு வினவல் எழுதித்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் நம் தொழிலுக்கான கேள்விகள். ஸ்கிரிப்ட்டின் கடைசிப் பகுதியில் நான் எழுதுகிறவை இவை: ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை வரி, கடைசி பில்லின் எண்ணும் தேதியும் என்ன, போன மாதம் மொத்தம் எத்தனை கிலோ வந்தது, பெயர்ப் பத்தியில் கேள்விக்குறி உள்ள வரிகள் எத்தனை. பேக்கப் எடுக்கும்போதே இந்த விடைகளை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, மீட்டபின் மறுபடி கேட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மாறினாலும் ஸ்கிரிப்ட் 0 அல்லாத எண்ணோடு நிற்க வேண்டும். கிலோ கணக்கை மட்டும் நோட்டுப் புத்தகத்தோடும் ஒப்பிட்டுவிடுவது நல்லது. ஏலக்காய்க் கடைகளில் இன்னும் பேரேடு எழுதுகிறார்கள், அதை யாரும் விட்டுவிடச் சொல்ல வேண்டாம்.

சோதனை எல்லாம் வேறு மெஷினில், வேறு பெயரில்தான் நடக்க வேண்டும். ரீப்ளேஸ் என்ற சொல்லை ஸ்கிரிப்ட்டில் போட்டுவிட்டு உயிரோடு இருக்கும் டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்தால் அது கேள்வி கேட்காமல் மேலே எழுதிவிடும். ஓடுகிற சர்வரின் பெயர் கடையின் சர்வர் பெயரோடு ஒத்துப்போனால் முதல் வரியிலேயே நின்றுவிடும்படி ஒரு சோதனை வைத்துவிடுங்கள். பென்டிரைவை மெஷினிலேயே செருகி வைத்திருப்பது பேக்கப்பே இல்லை. இடி அதையும் சேர்த்துத்தான் எடுக்கும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் அப்படித்தான்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்விக்கு ஜிஎஸ்டி சட்டமே ஒரு விடை வைத்திருக்கிறது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31, ஆக 2030 டிசம்பர் 31 வரை. எல்லையின் இரண்டு பக்கமும் பதிவு வைத்திருப்பவருக்கு 32-இல் தொடங்கும் கேரள எண்ணுக்கும் 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணுக்கும் தனித்தனியாக இது பொருந்தும். ஆறு வருஷத்துக்குள் டேட்டாபேஸ் பதிப்பு மாறும், பில் மென்பொருள் மாறும், அதை எழுதிக்கொடுத்தவரே வேறு தொழிலுக்குப் போயிருக்கலாம். ஆகவே மார்ச் 31 பேக்கப்பைத் தனியாக எடுத்து, ஃபைலின் பெயரிலேயே டேட்டாபேஸ் பதிப்பைக் குறித்து, அந்தப் பதிப்பின் இன்ஸ்டாலரையும் மென்பொருளின் அப்போதைய இன்ஸ்டாலரையும் மீட்பு ஸ்கிரிப்ட்டையும் அதே அடைவில் போட்டு வைக்க வேண்டும். பேக்கப்பைப் பூட்டி வைத்திருந்தால் அதன் பாஸ்வேர்டோ சான்றிதழோ அந்த டிஸ்கில் இருக்கக் கூடாது. வீட்டு பீரோவில், பத்திரங்கள் இருக்கும் கவரில் ஒரு நகல் போதும். அது எங்கே இருக்கிறது என்று முதலாளியைத் தவிர இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.